லீவரைத் தொடாதபோது இறங்கிய இன்ஜின்: செந்தூலில் ஒரு ஜாய்ஸ்டிக் – த்ரோட்டில் நிகழ்வு ஆய்வு

கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீடு. ஐந்தாம் படிவம் படிக்கும் பையன், எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டு விமானி ஆக வேண்டும் என்று உறுதியாக இருக்கிறான். விண்டோஸ் 11 கணினி, கணினியிலேயே விமானம் ஓட்டிப் பழகும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020, ஒரு ஜாய்ஸ்டிக், தனியாக ஒரு த்ரோட்டில், அதாவது இன்ஜின் பவரைக் கூட்டிக் குறைக்கும் லீவர். பின்னவை இரண்டும் ஒரே செட், வேறொருவர் பயன்படுத்தியதை விலைக்கு வாங்கியது. ஜாய்ஸ்டிக்கைத் திருகினால் சுக்கான், அதாவது ரட்டர், அசையும். அதன் அடித்தளத்தில் சின்னதாக ஒரு ஸ்லைடரும் உண்டு. த்ரோட்டிலின் முன்புறத்தில் விரலால் தள்ளும் ரட்டர் துடுப்பு ஒன்று இருக்கிறது. நடுத்தர விலை செட்டுகளில் பரவலாகக் காணப்படும் அமைப்புதான்.

புகார் மூன்று. செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை எடுத்துக்கொண்டு மேலே போய், மட்டமாகப் பறக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆனதும் இன்ஜின் தானாகவே ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த வேகத்துக்கு, இறங்கிவிடுகிறது. லீவரை லேசாக அசைத்தால் மீண்டும் ஏறுகிறது, விட்டால் மறுபடி விழுகிறது. இது முதலாவது. இரண்டாவது, ஓடுபாதையில் ஓடும்போதே மூக்கு வெடுக்கென்று ஒரு பக்கம் இழுக்கிறது. மூன்றாவதுதான் பையனை அதிகம் நோகடித்தது. கோலாலம்பூர் நகரத்துக்கு மேலே போனாலே இரண்டு கருவிகளும் செத்துப்போகின்றன. விண்டோஸ் அந்த 'துண்டிக்கப்பட்டது' ஒலியை எழுப்புகிறது, சில வினாடிகளில் அவை திரும்பி வருகின்றன, அதற்குள் விமானம் கட்டடங்களுக்கு நடுவே கவிழ்ந்து கிடக்கிறது.

நான் போவதற்கு முன்பே வீட்டில் நிறைய முயன்று பார்த்திருந்தார்கள். சிமுலேட்டரை முழுக்க நீக்கிவிட்டு மறுபடி இறக்கினார்கள். 150 ஜிபி இடம் கேட்கும் மென்பொருள் அது, சாதாரண வேலை இல்லை. கிராபிக்ஸ் டிரைவரை மாற்றினார்கள். விண்டோஸில் காலிப்ரேஷன் செய்தார்கள், அதாவது கருவியின் நடுவும் முனைகளும் எங்கே என்று பதிந்து வைத்தார்கள், திரும்பத் திரும்பச் செய்தார்கள். கடைசியில் எல்லா அச்சுகளுக்கும், அதாவது கருவி அசையும் ஒவ்வொரு திசைக்கும், டெட் ஸோனை (நடுவில் அசைத்தாலும் விமானம் கேட்காத பகுதியை) 25 சதவீதத்துக்கு ஏற்றிவைத்தார்கள். எதுவும் உருப்படியாகவில்லை.

"அண்ணே, த்ரோட்டில் போயிருச்சுன்னு கடையில சொல்றாங்க. புதுசே வாங்கிடலாமா?" என்று பையனின் அப்பா கேட்டார். நல்ல த்ரோட்டில் ஒன்று சில நூறு ரிங்கிட் ஆகும். அதைக் கொடுக்க அவர் தயாராகத்தான் இருந்தார். முதலில் எண்களைப் பார்ப்போம், அப்புறம் முடிவு செய்யலாம் என்றேன்.

இந்தக் கேஸை விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. இதில் இருந்தது ஒரு கோளாறு இல்லை. தனித்தனியான மூன்று கோளாறுகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து கிடந்தன. அதனால்தான் வீட்டார் செய்த சரியான காரியங்கள்கூடத் தோற்றதுபோலத் தெரிந்தன. ஒன்றைச் சரிசெய்தாலும் மற்றது விமானத்தைக் கவிழ்த்துவிடும். 'இதுவும் வேலைக்காகவில்லை' என்று அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். சிமுலேட்டர் திரையில் நாம் பார்ப்பது எல்லாம் கூடி வந்த விளைவை மட்டும்தான். அந்த விளைவை வைத்துக் காரணத்தைத் தேட முடியாது.

முதலில் எண்கள்

கை அசைவு விமானத்தின் அசைவாக மாறுவதற்குள் நான்கு இடங்களைத் தாண்டுகிறது. கருவிக்குள் இருக்கும் சென்சார், கேபிளும் யுஎஸ்பியும், விண்டோஸ், கடைசியாக சிமுலேட்டரின் கன்ட்ரோல் அமைப்பு. நான் எப்போதும் சென்சாரிலிருந்துதான் தொடங்குவேன். பலர் தலைகீழாக, சிமுலேட்டரின் சென்சிட்டிவிட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். கோளாறு கீழே இருக்கும்போது மேலே எதைத் திருகினாலும் அது மறையுமே தவிரப் போகாது.

விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ஜாய் டாட் சிபிஎல் என்று ஆங்கிலத்தில் தட்டினால் கேம் கன்ட்ரோலர் சாளரம் திறக்கும். கருவியைத் தேர்ந்தெடுத்து ப்ராபர்ட்டீஸ் போனால் டெஸ்ட், செட்டிங்ஸ் என்று இரண்டு பக்கங்கள். டெஸ்ட் பக்கத்தில் ஒரு கூட்டல் குறியும் சில பட்டைகளும் அசையும். பெரிய பழுது மட்டுமே அதில் கண்ணுக்குத் தெரியும். எண்கள் வேண்டுமென்றால் செட்டிங்ஸ் பக்கத்துக்கு வர வேண்டும். அங்கே முதலில் 'ரீசெட் டு டிஃபால்ட்' அழுத்தினேன். வீட்டில் செய்த காலிப்ரேஷன்கள் எல்லாம், சென்சார் நடுங்கிக்கொண்டிருந்தபோது அது காட்டிய தப்பான நடுப்புள்ளியைத்தான் பதிந்து வைத்திருந்தன. அவை போனால்தான் உண்மை தெரியும். அப்புறம் காலிப்ரேட் அழுத்தி, உள்ளே 'டிஸ்ப்ளே ரா டேட்டா' என்ற கட்டத்தில் டிக் செய்தேன். ஒவ்வோர் அச்சுக்கும் அதன் மூல எண் பக்கத்துக்குப் பக்கம் வரும். எல்லாவற்றையும் பார்த்து முடித்ததும் கேன்சல் கொடுத்து வெளியே வந்துவிட வேண்டும். ஃபினிஷ் கொடுத்தால் புதிய காலிப்ரேஷன் பதிவாகிவிடும், இந்தக் கட்டத்தில் அது வேண்டாம்.

ஜாய்ஸ்டிக்கின் எக்ஸ், ஒய் அச்சுகள் 14 பிட். 0 முதல் 16383 வரை, நடு 8192 பக்கம். ஒரு மூலைக்குத் தள்ளி விட்டால் குச்சி திரும்பி வந்து ஏறக்குறைய அதே எண்ணில் நின்றது. கடைசி இலக்கம் மட்டும் ஒன்றிரண்டு ஆடியது. மிக ஆரோக்கியமான அச்சுகள்.

திருகு அச்சுக்கு வந்தோம். கை வைக்காமலேயே எண் நூறு, இருநூறு என்று அலைந்தது. மெதுவாக இடப்பக்கம் திருகும்போது நடுவைத் தாண்டியதும் ஓரிடத்தில் ஆயிரக்கணக்கில் தாவி, உடனே பழைய இடத்துக்கு வந்தது. பையன் மறுபடி திருகினான், அதே இடத்தில் அதே தாவல்.

அடித்தள ஸ்லைடரை யாரும் பயன்படுத்துவதே இல்லை. கீழ் முனைக்குத் தள்ளி அப்படியே விட்டிருந்தார்கள். ஆனால் அதன் எண் ஒரு கணம்கூட நிற்கவில்லை, துடித்துக்கொண்டே இருந்தது.

கடைசியாக எல்லோரும் குற்றவாளி என்று சொன்ன த்ரோட்டில். 16 பிட், 0 முதல் 65535 வரை. முன்னே மெதுவாகத் தள்ளினால் எண் எங்கும் அறுபடாமல் ஏறியது. கையை எடுத்ததும் எண்ணும் நின்றது. பாதியில், முக்காலில், முனையில் என்று எங்கே விட்டாலும் அப்படித்தான்.

"அப்ப த்ரோட்டில் நல்லாத்தான் இருக்கா அங்கிள்?" என்றான் பையன். நன்றாகவே இருக்கிறது என்றேன்.

இந்த வித்தியாசம் ஏன் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த ஜாய்ஸ்டிக்கின் எக்ஸ், ஒய் அச்சுகளில் ஹால் சென்சார் இருக்கிறது. எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த விளைவு அது. மின்னோட்டம் பாயும் கடத்தியின் அருகே காந்தப்புலம் வந்தால் அதன் குறுக்கே சிறு மின்னழுத்தம் பிறக்கும். குச்சியோடு காந்தம் நகர்கிறது, சென்சார் அதைத் தொடாமலேயே அளக்கிறது. உரசல் இல்லை, அதனால் தேய்மானமும் இல்லை. திருகு அச்சிலும் ஸ்லைடரிலும் இருப்பது பொட்டென்சியோமீட்டர், கடைக்காரர்கள் சுருக்கமாக 'பாட்' என்பார்கள். கார்பன் பூச்சுத் தடத்தின் மேல் உலோக நுனி ஒன்று உரசிக்கொண்டே நகரும். அது எந்த இடத்தில் தொடுகிறதோ அதற்கேற்ற மின்னழுத்தம் வெளியே வரும். தடத்தில் தூசு படிந்தாலோ பூச்சு தேய்ந்தாலோ அந்த இடத்தில் தொடுப்பு விட்டுவிட்டு வரும், எண் தாவும். கோலாலம்பூரில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. மின்விசிறிக்குக் கீழே, மூடாத மேசையில் கிடக்கும் ஜாய்ஸ்டிக்கில் தூசும் ஈரமும் சேர்ந்து ஒட்டிக்கொள்வது இங்கே சாதாரணம். ஒரே பெட்டிக்குள் இரண்டு வகை சென்சாரும் இருக்கலாம் என்பது வாங்கும்போது யாருக்கும் தெரிவதில்லை. அட்டைப்பெட்டியில் 'ஹால்' என்று போட்டிருந்தால் எல்லா அச்சுக்கும் அதுதான் என்று நினைத்துவிடுகிறோம்.

நல்ல த்ரோட்டில் எப்படிக் குற்றவாளி ஆனது

சிமுலேட்டர் புதிதாக ஒரு கருவியைப் பார்த்தால், உடனே பறக்க வசதியாக அதற்கென்று ஒரு டிஃபால்ட் ப்ரொஃபைலைப் போட்டுக்கொள்கிறது. தனி ஜாய்ஸ்டிக் மட்டும் வைத்திருப்பவருக்கு அடித்தள ஸ்லைடர்தான் த்ரோட்டில். ஆகவே ஜாய்ஸ்டிக்கின் ப்ரொஃபைல் ஸ்லைடரை த்ரோட்டில் அச்சுக்குக் கொடுத்திருந்தது. தனி த்ரோட்டில் கருவிக்கும் அதன் ப்ரொஃபைல் அதே வேலையைக் கொடுத்திருந்தது. ஒரே இன்ஜினுக்கு இரண்டு லீவர்கள், ஒன்று இருப்பது மற்றதற்குத் தெரியாது.

இரண்டு அச்சுகள் ஒரே வேலைக்கு வரும்போது, கடைசியாக எது மாறியதோ அதன் பேச்சுதான் எடுபடுகிறது. இங்கேதான் முடிச்சு. நல்ல த்ரோட்டில், கையை எடுத்ததும் அசையாமல் நிற்கிறது. மாற்றம் இல்லை, ஆகவே புதிதாகச் சொல்ல அதனிடம் எதுவும் இல்லை. பழுதான ஸ்லைடரோ துடித்துக்கொண்டே இருப்பதால், 'நான் கீழ் முனையில் இருக்கிறேன்' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. லீவரை அசைத்துக்கொண்டிருக்கும்வரை லீவர் ஜெயிக்கும். விட்ட பிறகு ஸ்லைடர் ஜெயிக்கும், இன்ஜின் ஐடிலுக்குப் போகும். சோதிக்கிறவர் லீவரை முன்னும் பின்னும் ஆட்டிச் சோதிப்பார், அப்போது எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். மட்டமாகப் பறக்கும்போது லீவரை யாரும் தொடுவதில்லை, கோளாறு அப்போதுதான் வரும். வீட்டார் பார்த்ததும் அதைத்தான்.

விளக்கம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, நிரூபிக்க வேண்டும். பையனை மேலே ஏற்றி, விமானத்தை மட்டமாக நிறுத்தி, லீவரைப் பாதியில் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். அடித்தள ஸ்லைடரை விரல் நகத்தால் மெதுவாக மேலே தள்ளினேன். இன்ஜின் சுற்று வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளும் கூடவே ஏறியது. முழுக்கத் தள்ளியபோது இன்ஜின் முழு வேகத்தில் உறுமியது. மேசையில் இருந்த த்ரோட்டில் லீவர் பாதியில்தான் இருந்தது. பையன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். அவன் அப்பா ஸ்லைடரைத் தானும் ஒருமுறை தள்ளிப் பார்த்தார்.

சரிசெய்வது எளிது. ஆப்ஷன்ஸில் கன்ட்ரோல்ஸ் பக்கம் போய், மேலே வரிசையாக இருக்கும் கருவிகளில் ஜாய்ஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்து, ஃபில்டரை 'அசைன்ட்' என்று வைத்தால் அந்தக் கருவிக்குக் கொடுத்திருக்கும் வேலைகள் மட்டும் தெரியும். 'சர்ச் பை இன்புட்' கட்டத்தைச் சொடுக்கி ஸ்லைடரை அசைத்தால் அது எங்கெங்கே மாட்டியிருக்கிறது என்பதும் வந்துவிடும். த்ரோட்டில் வரியில் இருந்ததை அழித்தேன். டிஃபால்ட் ப்ரொஃபைலை அப்படியே மாற்ற முடியாது, புதிய பெயரில் சேமிக்கச் சொல்லும். விமானத்தின் பெயரையும் கருவியின் பெயரையும் சேர்த்து வைத்தால் பின்னால் குழப்பம் வராது. எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரில் இதே வேலைக்கு அந்த அச்சை 'நன்' என்று வைத்தால் போதும். டிசிஎஸ் என்ற போர் விமான சிமுலேட்டர் வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். புதிதாகச் செருகும் ஒவ்வொரு கருவிக்கும் அது பிட்ச் (மூக்கு ஏறி இறங்குவது), ரோல் (பக்கவாட்டில் சாய்வது), த்ரோட்டில் எல்லாவற்றையும் தானாகவே கொடுத்துவிடும். ரட்டர் பெடல் வாங்கிச் செருகிய அன்றே விமானம் பைத்தியம் பிடித்தது போல ஆடுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

இன்ஜின் அதன் பிறகு இறங்கவில்லை.

இழுக்கும் மூக்கு

இரண்டாவது புகாரிலும் இதே இரட்டைப் பிடிதான். ஜாய்ஸ்டிக்கின் திருகு, த்ரோட்டிலின் ரட்டர் துடுப்பு, இரண்டும் ரட்டருக்குப் போய்க்கொண்டிருந்தன. திருகு அச்சின் தாவல் ஓடுபாதையில் வெடுக்கென்ற இழுப்பாக வந்தது. திருகை ரட்டரிலிருந்து நீக்கிவிட்டு, துடுப்பை மட்டும் வைத்துக்கொண்டோம்.

அடுத்த ஓட்டத்தில் பையன் முகம் வாடிப்போனது. "இன்னும் இடது பக்கம் இழுக்குது அங்கிள்." ஆனால் இப்போது அது வெடுக்கென்று இழுக்கவில்லை. முழு பவர் கொடுத்ததும் சீராக, மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது. அது கோளாறே இல்லை, செஸ்னாவின் இயல்பு. விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் அதன் ப்ரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அது தள்ளும் காற்று உடலைச் சுற்றிச் சுழன்று வந்து வால் செங்குத்துத் தகட்டின் இடப்பக்கத்தில் மோதுகிறது. வால் வலப்பக்கம் போக, மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது. உண்மையான விமானியும் புறப்படும்போது வலது பெடலை அழுத்திக்கொண்டேதான் ஓடுவார். சிமுலேட்டரில் 'ஆட்டோ ரட்டர்' உதவி இயங்கிக்கொண்டிருந்தால் இது தெரியாது. இந்த வீட்டில் அதையும் யாரோ ஒருநாள் இயக்கி, இன்னொரு நாள் நிறுத்தியிருந்தார்கள். சோதிக்கும்போது எல்லா உதவிகளையும் நிறுத்திவிடுங்கள். உதவி இயங்கினால் உங்கள் கருவி என்ன செய்கிறது என்பதைப் பார்க்கவே முடியாது.

வெடுக்கென்று தாவினால் சென்சார், பவரோடு சேர்ந்து சீராக வந்தால் இயற்பியல். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் பையன் பல இரவுகளை மிச்சப்படுத்தியிருப்பான்.

திருகு அச்சின் 'பாட்'டைச் சுத்தம் செய்யவும் முயன்றோம். ஜாலான் பாசாரில் எலெக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன, காண்டாக்ட் கிளீனர் அங்கே சாதாரணமாகக் கிடைக்கும். பிளாஸ்டிக்கைப் பாதிக்காதது, காய்ந்ததும் எதையும் மிச்சம் வைக்காதது என்று கேட்டு வாங்க வேண்டும். கதவுக் கீலுக்கு அடிக்கும் சாதாரண டபிள்யூடி-40 இதற்கு உதவாது. எண்ணெய்ப் படலம் தங்கி இன்னும் தூசைப் பிடித்துக்கொள்ளும். கைப்பிடியைக் கழற்றும்போது உள்ளே போகும் மெல்லிய வயர்களைக் கவனியுங்கள். திருகித் திருகி அவை ஏற்கனவே களைத்திருக்கும், வேகமாக இழுத்தால் சால்டர் விட்டுவிடும். பாட்டின் உடலில் இருக்கும் சிறு இடைவெளி வழியே ஒரு சிறு பீச்சல், பிறகு முனையிலிருந்து முனைக்குப் பலமுறை திருப்புதல், மறுபடி ஒரு பீச்சல். முழுக்கக் காய்ந்த பிறகே யுஎஸ்பியில் செருக வேண்டும்.

சுத்தம் செய்ததும் நடுவில் இருந்த அலைச்சல் நன்றாகக் குறைந்தது. ஆனால் அந்த ஓரிடத் தாவல் அப்படியே இருந்தது. அழுக்கு என்றால் போயிருக்கும். அங்கே கார்பன் பூச்சே தேய்ந்துவிட்டது, பாட்டை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

நகரத்துக்கு மேலே மட்டும் ஏன் அறுந்தது

மூன்றாவது புகாரில் எனக்கு முக்கியமாகப் பட்டது இடம்தான். கடலுக்கு மேலே பறந்தால் ஒன்றும் ஆவதில்லை, இரட்டைக் கோபுரத்தின் பக்கம் வந்தால் அறுகிறது. கிராபிக்ஸ் கார்டு தாங்கவில்லை என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். கார்டு தாங்காவிட்டால் படம் திணறும், ஜாய்ஸ்டிக் ஏன் துண்டிக்கப்பட வேண்டும்?

டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவைத் திறந்து 'டிவைசஸ் பை கனெக்ஷன்' என்று மாற்றினேன். எந்தக் கருவி எதன் வழியாகத் தொங்குகிறது என்பது மரம்போல விரிந்தது. ஜாய்ஸ்டிக், த்ரோட்டில், வெப்கேம், இரண்டரை அங்குல வெளி ஹார்ட் டிஸ்க் நான்கும் ஒரே யுஎஸ்பி 2.0 ஹப்பில். ஹப்புக்குத் தனி மின்சாரம் கிடையாது, கணினியின் ஒரே துளையிலிருந்து உறிஞ்சி நால்வருக்கும் பிரித்துக் கொடுக்கிறது. இடமில்லாததால் சிமுலேட்டரையே அந்த வெளி டிஸ்க்கில்தான் போட்டிருந்தார்கள்.

யுஎஸ்பி 2.0 துளை ஒன்று கொடுக்க வேண்டியது 500 மில்லிஆம்பியர். தனி மின்சாரம் இல்லாத ஹப், விதிப்படி தன் துளை ஒவ்வொன்றுக்கும் 100 மில்லிஆம்பியர்தான் கொடுக்க முடியும். ஜாய்ஸ்டிக்குகளுக்கு அது தாராளம். சுழலும் தட்டு உள்ள ஹார்ட் டிஸ்க்குக்கு அது எந்த மூலைக்கு? வேலை இல்லாதபோது எப்படியோ சமாளிக்கும். நகரத்துக்கு மேலே வந்ததும் ஆயிரக்கணக்கான கட்டடங்களின் தகவலை சிமுலேட்டர் அவசரமாகப் படிக்கிறது, டிஸ்க் மின்சாரத்தை இழுக்கிறது, ஹப்பில் மின்னழுத்தம் சரிகிறது, பக்கத்தில் இருக்கும் ஜாய்ஸ்டிக் உயிர் விடுகிறது. கடலுக்கு மேலே படிக்க எதுவும் இல்லை, அதனால் அறுபடவும் இல்லை.

இதையும் பிரித்துப் பார்த்தோம். இரண்டு கருவிகளையும் கணினியின் பின்புறத் துளைகளில் நேரடியாகச் செருகினோம், நகரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தும் அறுபடவில்லை. மறுபடி அவற்றை ஹப்பில் செருகி, டிஸ்க்கை மட்டும் பின்புறத்துக்கு மாற்றினோம், அப்போதும் அறுபடவில்லை. எல்லாவற்றையும் பழையபடி ஹப்பிலேயே மாட்டியதும், இரட்டைக் கோபுரம் இருக்கும் கேஎல்சிசி கண்ணில் படும் தூரத்தில் அந்த ஒலி வந்தது. அதற்குப் பிறகு வாதமே தேவைப்படவில்லை. லோ யாட் பிளாசாவில் தனி அடாப்டரோடு வரும் ஹப் ஒன்றை அப்பா வாங்கி வந்தார். வெப்கேமும் மற்ற சில்லறைப் பொருட்களும் அதில், கருவிகளும் டிஸ்க்கும் நேரடியாகக் கணினியில்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். யுஎஸ்பி அறுந்தால் பலரும் முதலில் சொல்வது, பவர் ஆப்ஷன்ஸில் இருக்கும் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' வசதியை நிறுத்து என்பதைத்தான். நிறுத்துவதில் தவறில்லை, நானும் இங்கே நிறுத்திவிட்டே வந்தேன். ஆனால் அது வேலை இல்லாமல் சும்மா கிடக்கும் கருவியைத் தூங்க வைக்கும் வசதி. ஆட்டோ பைலட்டில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்த் திரும்பி வந்தால் ஜாய்ஸ்டிக் வேலை செய்யவில்லை என்றால் அதைச் சந்தேகிக்கலாம். வேலை கூடும்போது அறுகிறது என்றால் மின்சாரப் பற்றாக்குறையைச் சந்தேகிக்க வேண்டும். எப்போது அறுகிறது என்பதை ஒரு தாளில் குறித்து வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அப்புறம், எந்தக் கருவி எந்தத் துளை என்று ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டோம். துளை மாறினால் விண்டோஸ் அதைப் புதிய கருவியாக எண்ணிக்கொள்ளலாம், சில சிமுலேட்டர்களில் செய்து வைத்த அமைப்புகள் எல்லாம் காணாமல் போகும்.

டெட் ஸோன் மருந்து இல்லை

மூன்றும் தீர்ந்த பிறகு 25 சதவீத டெட் ஸோனைக் கழற்றினேன். பையனுக்குத் தரையிறங்குவது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது அப்போதுதான் அவனுக்கே புரிந்தது. குச்சி ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி சாயும் என்றால், நடுவிலிருந்து இரு பக்கமும் முதல் 5 டிகிரிக்கு விமானம் எதையும் கேட்காது. தரையை நெருங்கும்போது மூக்கை லேசாகத் தூக்க வேண்டும். இழுக்கிறான், ஒன்றும் ஆகவில்லை. இன்னும் இழுக்கிறான், திடீரென்று தூக்குகிறது. பயந்து விடுகிறான், விழுகிறது. ஓடுபாதையில் அவன் துள்ளித் துள்ளி இறங்கியதற்கு அவன் கை காரணமில்லை. அவனிடம் இதைச் சொன்னபோது எனக்கே நிம்மதியாக இருந்தது. தனக்கு இந்தக் கலை வராது போல என்று அவன் நினைக்கத் தொடங்கியிருந்தான்.

ஹால் அச்சுக்கு 2 சதவீதம் போதும், பல சமயம் அதுகூடத் தேவைப்படாது. ஓர் அச்சு 5 சதவீதத்துக்கு மேல் கேட்டால் அதன் சென்சார் எதையோ சொல்கிறது என்று அர்த்தம். அதன் வாயை அடைக்காமல் என்னவென்று பாருங்கள். பிட்சுக்கும் ரோலுக்கும் சென்சிட்டிவிட்டி வளைவை மைனஸ் 30 பக்கம் வைத்தோம். மேசை ஜாய்ஸ்டிக் நிஜ விமானத்தின் பிடியைவிடக் குட்டையானது, சின்ன அசைவுக்கே பெரிய விளைவு வரும். வளைவு நடுப்பகுதியை மென்மையாக்கும். ரட்டர் துடுப்பின் ஓட்டம் இன்னும் சிறியது, அதற்கு மைனஸ் 40. த்ரோட்டிலுக்கு வளைவே போடாதீர்கள், நேர்கோடாக விடுங்கள். லீவர் பாதி என்றால் பவரும் பாதி என்று கை பழகினால்தான் கண்ணைக் கருவிப் பலகையிலிருந்து எடுக்க முடியும். அதற்கு முனை டெட் ஸோன் மட்டும் 3 சதவீதம் கொடுத்தோம். சென்சார் முனையில் முழு எண்ணைத் தொடாவிட்டாலும் முழு பவர் கிடைத்துவிடும். லீவரை முன்னே தள்ளினால் பவர் குறைகிறது என்றால் அந்த அச்சில் 'ரிவர்ஸ்' டிக் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

சோதனைப் பறப்புக்கு சுபாங்கைத் தேர்ந்தெடுத்தோம். 1998-இல் சிப்பாங்கில் கேஎல்ஐஏ திறக்கும்வரை கோலாலம்பூரின் முதன்மை விமான நிலையம் அதுதான். சின்ன வயதில் உறவினரை வழியனுப்ப அங்கே போனதை அப்பா சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார். ஓடுபாதை 15, நீளம் 3,780 மீட்டர், செஸ்னாவுக்குத் தேவைக்கு மேல் இடம். காற்றை பூஜ்யமாக வைத்தோம், வானிலையும் ஒரு காரணியாக நடுவே வரக்கூடாது என்பதற்காக. முழு பவர், வலது ரட்டர், 55 நாட் வேகத்தில் மூக்கைத் தூக்கி, 74 நாட் வேகத்தில் ஏற்றம். மட்டமானதும் 2300 ஆர்பிஎம்மில் வைத்துவிட்டு லீவரிலிருந்து கையை எடுக்கச் சொன்னேன். பத்துமலைப் பக்கம் போய், செந்தூலுக்கு மேலே திரும்பி, கோபுரங்களைச் சுற்றிக்கொண்டு மறுபடி சுபாங். ஆர்பிஎம் இறங்கவில்லை, ஒலி எதுவும் எழவில்லை. இறங்கும்போது ஒரு துள்ளல் இருந்தது. அது அவன் பழக வேண்டியது.

மிச்சம் இருப்பது இரண்டு பொட்டென்சியோமீட்டர்கள். ஸ்லைடருக்கு அவசரமில்லை, அதற்கு எந்த வேலையும் கொடுக்கவில்லை. திருகு பாட்டை மாற்ற வேண்டும். ஒற்றைக் கையால் பறக்கும்போது பையனுக்கு அது தேவைப்படுகிறது. பழைய பாட்டின் உடலில் பி 10கே என்று அச்சிட்டிருக்கிறது. 10கே என்பது 10 கிலோ ஓம், முன்னால் இருக்கும் பி என்றால் தடம் முழுவதும் எதிர்ப்பு சீராக ஏறும் வகை. ஏ என்று தொடங்குவது ஒலிப்பெருக்கியின் வால்யூமுக்கானது, அதைப் போட்டால் குச்சி நடுவில் நிற்கும்போது எண் நடுவில் நிற்காது. தண்டின் நீளமும் அதன் வெட்டும் பழையதைப் போலவே இருக்க வேண்டும் என்பதால், பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டுதான் ஜாலான் பாசார் போக வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். பள்ளி விடுமுறையில் இருவரும் போகிறார்கள். சால்டர் வேலையைப் பையனே செய்யட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன்.